பெட்டிக்குள் ஆறு கல்

ரிங்லெட்
4-8-2024

என் தம்பி லோகேஸ்வரனுக்கு அக்கா சரோஜா எழுதுவது.

இங்கே நான், உன் மச்சான், மூன்று கோழி எல்லாரும் சுகம். நீ அங்கே ரவாங்கில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க ஒரு பெண்டாட்டி இல்லாத குறைக்கு நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சாப்பிட்டாயா?

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். நம் தோட்டத்து லைன் வீடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன. மேல் ரோட்டுக்கு ஏறினால்தான் பேச்சு கேட்கும். அங்கே நின்று கத்தினால், நான் உன்னிடம் சொன்னதை அடுத்த வீட்டுச் செல்லம்மா எனக்கே திருப்பிச் சொல்வாள். பக்கிரிசாமி அண்ணன் முட்டைக்கோசு லோரி உன் பக்கம் செலாயாங் மார்க்கெட்டுக்கு இறங்குகிறதல்லவா, கோசோடு கோசாக இதுவும் வரட்டும். மூன்றாவது வரைக்கும் படித்த எழுத்து துருப்பிடிக்காமலும் இருக்கும்.

இப்போது உன் பெட்டிக்கு வருகிறேன். நீயும் உன் கம்பெனி ஆட்களும் தேயிலைப் பேக்டரிப் புகைக்குழாயில் பீரோ உயரத்துக்கு ஒன்றை மாட்டிவிட்டுப் போனீர்கள். தோட்டத்துத் துரைக்கு ஒரு காசு செலவில்லையாம். லைனில் யாரும் நம்பவில்லை.

"சும்மா யாரு லா தருவா? உள்ள கேமரா இருக்கு. அடுப்ப விட்டு யாரு எந்திரிச்சுப் போறான்னு பாக்குறாங்க" என்கிறாள் செல்லம்மா.

நான் சிரித்தேன். ஆனால் நீ வந்த அன்று உள்ளே என்ன இருக்கிறது என்று நானும்தான் கேட்டேன். நீ கிளாசைப் பார்த்து "டீ நல்லாருக்குக்கா" என்றாய். அது பதிலா?

நான் ஏன் தோண்டுகிறேன் என்றால் உன் மச்சான் நெஞ்சு. பேக்டரி அடுப்பு முன்னால் இருபத்தாறு வருசம் விறகு போட்டவர். இன்னொரு மழைக்காலம் அந்தப் புகையில் நின்றால் தாங்காது என்று தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். வேலையை விட்டால் லைன் வீட்டையும் விட வேண்டும் என்பதும் தெரியும். மூடுபனி இறங்கினால் புகை மேலே போகாமல் நம் வாசலுக்கு வந்து உட்காரும். அந்தப் பெட்டி அவரைக் காப்பாற்றுமா, இல்லை உன் கம்பெனிக்கு எங்களை வைத்து விளையாட்டா? டீயைப் பார்க்காமல் பதில் எழுது.

உன்னைத் தூக்கி வளர்த்ததில் இடுப்பு ஒடிந்த
சரோஜா


ரவாங்
11-8-2024

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் வணக்கம். நான் சுகம். சாப்பிட்டேன்.

கேமரா இல்லை. சும்மா தருவதற்குக் காரணம் உண்டு. விறகுப் புகையில் இது நின்று வேலை செய்கிறது என்று கம்பெனி காட்ட வேண்டும். எந்தத் தோட்டம் என்று கேட்டபோது நான்தான் நம் தோட்டத்தின் பேரைச் சொன்னேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

உள்ளே இரண்டு பகுதி. முதலாவது பிளாஸ்மா. புகை போகிற வழியில் மின்சாரத்தை விட்டுச் சின்னச் சின்ன மின்னல் உண்டாக்குகிறோம். அது புகையில் இருக்கிற கெட்டதை உடைக்கும். ஆனால் மின்னல் மட்டும் இருந்தால் பாதியில் உடைத்துப் போட்டுவிட்டு, தானே ஓசோன் என்று ஒரு நெடியைக் கிளப்பிவிடும். அதனால் பின்னாலேயே வினையூக்கி வைத்திருக்கிறோம். செங்கல் அளவில் ஆறு கல், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்த நெடியைப் பிடித்து, அதை வைத்தே மீதிப் புகையைத் தீர்த்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை. பெட்டியின் உயிர் அந்தக் கற்களில்தான்.

சாவி மச்சானிடம் இருக்கட்டும் என்று துரையிடம் சொல்லியிருக்கிறேன். தூசி, கரி அடையாமல் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தம்பி
லோகேஸ்வரன்


ரிங்லெட்
15-9-2024

வானத்து மின்னலைப் பெட்டிக்குள் அடைத்த தம்பிக்கு அக்கா வாழ்த்து. கோழி இப்போது நான்கு. உனக்கு முதுகுவலி என்று பக்கிரிசாமி அண்ணன் சொன்னார். விக்ஸ் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடுதாசியை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். மின்னல் குதிக்கும், கல் அதை அடக்கும் என்றதும் "நம்ம வீடு மாதிரி" என்றார். யார் மின்னல் என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மின்னலுக்கே ஜோடி சேர்த்து வைத்தவன், உனக்கு ஒரு கல் கிடைக்கவில்லையா?

உண்மையைச் சொன்னால் உனக்குத் தலைக்கனம் வரும். இருந்தாலும் சொல்கிறேன். புகை இல்லை. பனி இறங்கினாலும் துணி வெள்ளையாகவே காய்கிறது. உன் மச்சான் விடிகிற வரை இருமாமல் தூங்குகிறார். இருமல் கேட்காமல் எனக்குத்தான் தூக்கம் கலைகிறது.

லைனில் மட்டும் சந்தேகம் தீரவில்லை. "பொகை போச்சுன்னா எங்க போச்சு? எங்கயாச்சும் போயிருக்கணும்ல" என்று செல்லம்மா மண்ணை முகர்ந்து பார்க்கிறாள். உன் மச்சான் அதற்கெல்லாம் அசையவில்லை. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறார். கோயில் சாவி கூட அப்படி இருக்காது.

சரோஜா


ரிங்லெட்
20-10-2024

தம்பிக்கு, தீபாவளி வருகிறது, முறுக்கு சுட்டாகிவிட்டது. நீ வந்தால் உனக்கு, வராவிட்டால் கோழிக்கு. உடம்பு எப்படி இருக்கிறது?

ஆயுத பூசை முடிந்தது. உன் மச்சானைப் பற்றித்தான் தெரியுமே, அந்த ஒரு நாள் வந்தால் அவர் மனிதரில்லை. மண்வெட்டி, அடுப்புக் கம்பி, தராசு எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளவென்று அடுக்கினார். உன் பெட்டியை மட்டும் விடுவாரா? தலைமுழுக்கு, சந்தனம், பொட்டு, எலுமிச்சம்பழம். மாப்பிள்ளை மாதிரி நின்றது. என் வீட்டுப் புளிப்பானை காலி.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். பூசைக்குப் பிறகு பேக்டரிப் பக்கமிருந்து ஒரு வாடை வருகிறது. இடி இடித்து ஓய்ந்ததும் காற்றில் ஒன்று வருமே, அதுபோல. முதலில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது மூக்குக்குள் ஊசி குத்துகிறது. இன்னொரு கூத்து, அடுப்படியில் மல்லிப்பொடிப் பொட்டலத்தில் போட்டிருந்த ரப்பர் வளையம் எல்லாம் தானாக அறுந்து கிடக்கிறது. புதுசு வாங்கிப் போட்டேன், அதுவும் அப்படியே. எலி என்றால் பொடியையல்லவா தின்னும்?

உன் மச்சான் லேசாக இருமுகிறார். லேசாகத்தான்.

சரோஜா


ரவாங்
27-10-2024

அக்காவுக்கு வணக்கம். நான் சுகம்.

தீபாவளிக்கு வர முடியாது. வேலை இருக்கிறது.

நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். பெட்டிச் சாவி மச்சானைத் தவிர வேறு யாரிடமாவது உண்டா? அதை வேறு யாராவது திறந்தார்களா? பழைய இரும்பு வாங்குகிற ஆள் லைனுக்கு வருகிறானா?

மச்சான் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். விறகு போட்டதும் வெளியே வந்துவிடச் சொல்லுங்கள். வீட்டுக் கதவை பேக்டரிப் பக்கம் திறந்து வைக்காதீர்கள்.

லோகேஸ்வரன்


ரிங்லெட்
10-11-2024

லோகேஸ்வரனுக்கு,

சுகம் விசாரிக்கிற அளவுக்கு இந்தத் தடவை மனசு இல்லை. இருந்தாலும், முதுகுவலி போச்சா?

வாடையைக் கேட்டேன், நீ சாவியைக் கேட்டாய். ரப்பரைக் கேட்டேன், நீ பழைய இரும்புக்காரனைக் கேட்டாய். அப்புறம் பெட்டிப் பக்கம் நிற்காதே என்கிறாய். அப்படியானால் அந்த வாடை என்னவென்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எழுதவில்லை. செல்லம்மா மண்ணை முகர்ந்தபோது நான் சிரித்தேன். இப்போது நானும் முகர்கிறேன்.

கொல்லையில் பீன்ஸ் இலை முழுக்கப் புள்ளி. உன் மச்சானுடைய ரப்பர் பூட்ஸ் கணுக்காலில் வெடித்துவிட்டது. செல்லம்மா வீட்டில் அவள், நம் வீட்டில் இவர், மாறி மாறி இருமல். வெள்ளிக்கிழமை அவரை தானா ராத்தாவுக்குக் கூட்டிப் போனேன். அன்றைக்குப் பார்த்து உன் கம்பெனி வண்டி வந்திருக்கிறது. முகமூடி போட்ட இரண்டு பேர். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கருவியைத் தூக்கிப் பிடித்தார்களாம். யாரிடமும் பேசவில்லை. பெட்டியைத் திறக்கச் சாவி இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை அனுப்பியது நீயா?

மறுநாள் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற ஹரிதாஸ் கிராணி இவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நான் வெளியே நின்று கேட்டேன்.

"மாடசாமி, உள்ள இருந்த கல்ல யாருக்குக் குடுத்த?"

"எந்தக் கல்லுங்க ஐயா?"

"வெளயாடாத. காரு பொகைக்குழாயில இருந்து அறுத்து நல்ல வெலைக்கு விக்கிறானுங்களே, அந்த மாதிரி சாமான். அது இல்லன்னு கம்பெனிக்காரன் சொல்றான். சாவி ஒங்கிட்டதான இருக்கு?"

இவர் அரைஞாணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சொல்ல வாயெடுத்தார், இருமல்தான் வந்தது. கோபத்தில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. வீடு வரைக்கும் நான்கு தடவை உட்கார்ந்து வந்தார்.

அன்றோடு பெட்டியை நிறுத்தி, யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். மழையும் பிடித்துவிட்டது. பழைய புகை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

உன் மச்சானைத் திருடன் என்று சொன்னது கம்பெனியா, நீயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

சரோஜா


ரவாங்
17-11-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொன்னபோது இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பெட்டி ஒவ்வொரு மணிக்கும் தன் நிலைமையை இங்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ஆயுத பூசை வாரத்தில் திடீரென்று ஓசோன் ஏறியது. மின்னல் வேலை செய்கிறது, கற்கள் இல்லவே இல்லை, அப்படித்தான் கணக்கு காட்டுகிறது. நீங்கள் எழுதிய வாடை, ரப்பர், பீன்ஸ் இலை, மூன்றும் ஓசோன் செய்கிற வேலை. இழுத்து மாட்டிய ரப்பரை அது அறுத்துவிடும். நெஞ்சுக்கும் ஆகாது. அன்றைக்கே நிறுத்தச் சொல்லி மன்றாடினேன். கல் களவு போனதா என்று முதலில் தெரிய வேண்டும் என்று இழுத்தடித்தார்கள். உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீங்கள் மச்சானிடம் சொல்வீர்கள், எடுத்தது அவராக இருந்தால் என்ன செய்வது என்று பயந்தேன். அப்படிப் பயந்ததற்காக நீங்கள் என்னை என்ன சொன்னாலும் தகும்.

மச்சானுக்கு மருந்துச் செலவு என்று யாரிடமாவது சிக்கியிருந்தால் சொல்லுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். கல் எங்கே என்று மட்டும் தெரிந்தால் போதும். மாத முடிவுக்குள் தெரியாவிட்டால் போலீசுக்கு எழுதுவார்கள். பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

லோகேஸ்வரன்


ரவாங்
1-12-2024

அக்கா,

இரண்டு வாரமாக லோரியில் கோசு மட்டும்தான் வருகிறது. பக்கிரிசாமி அண்ணனைக் கேட்டேன். "ஒங்க அக்கா என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கிறா. நா என்ன தம்பி பண்ணேன்?" என்றார். மச்சான் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். போலீசுக்கு எழுதுவதைப் பத்து நாள் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

லோகேஸ்வரன்


ரிங்லெட்
8-12-2024

ரவாங் பெரிய மனிதருக்கு,

உன் மச்சான் உட்கார்ந்தபடி தூங்குகிறார். படுத்தால் மூச்சு வாங்குகிறது. அப்படியும் விறகு போடப் போகிறார். போகாவிட்டால் வீடு இல்லையே.

உன் கடுதாசியை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. மருந்துச் செலவு என்று நீ எழுதிய இடத்தில் நானே நின்றுவிட்டேன். என் கலியாணத்துக்குப் போட்ட சங்கிலியை விற்று உன்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தாரே, அவர் ஆறு கல்லை எடுத்து விற்றிருப்பாரா என்று உனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சரி. சந்தேகத்துக்குக் கடுதாசியில் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பொருளாகவே அனுப்புகிறேன்.

நேற்று அடுப்பு நின்ற நேரத்தில், கிராணியிடம் சண்டை போட்டு, அவரையே சாட்சிக்கு நிறுத்தி, இவரை விட்டே பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ஆறு கல்லும் இருக்கிறது. கிராணி எண்ணிப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் "சரி சரி" என்று போய்விட்டார். ஒரு கல்லைப் பேப்பரில் சுற்றி லோரியில் கொடுத்திருக்கிறேன். வாங்கி உன் கம்பெனிக்காரன் முகத்துக்கு நேரே வை. எப்படி வைத்திருக்கிறார் என்று பார்க்கச் சொல். பூசைக்கு அவர் திறந்தபோது ஆறும் கரி அப்பிக் கன்னங்கரேல் என்று கிடந்ததாம். தம்பி சுத்தமாக வைக்கச் சொன்னானே என்று, ராத்திரி புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் முழுக்கத் தேய்த்தார். கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நானும்தான் உட்கார்ந்து தேய்த்தேன். ஓட்டை ஓட்டையாகக் குச்சி விட்டு எடுத்தோம். இப்போது பார், சோறு மாதிரி வெள்ளை. பொட்டுக் கரி இருந்தால் என்னைக் கேள்.

திருடன் இப்படியா வைத்திருப்பான்?

சரோஜா


ரவாங்
11-12-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கல் வந்தது. மடியில் வைத்துப் பேப்பரைப் பிரித்தேன்.

அக்கா, அது கரி இல்லை. வெள்ளையாகத் தெரிகிறதே, அது வெறும் மண் ஓடு. மேலே பூசியிருந்த கறுப்புதான் மருந்து. அதுதான் வினையூக்கி. புளிக்கு அதைக் கரைக்கிற குணம் உண்டு. நீங்கள் இருவரும் சேர்ந்து பெட்டியின் உயிரைத் தேய்த்து எடுத்துவிட்டீர்கள். யாரும் எதையும் திருடவில்லை.

கல் கறுப்பாக இருக்கும், தொடக்கூடாது என்று நான் ஒரு வார்த்தை சொன்னேனா? சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதினேன். மச்சானைப் போல ஒருவரிடம் அப்படிச் சொன்னால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பெட்டிக்குத் தலைமுழுக்கு என்று நீங்கள் அக்டோபரிலேயே எழுதியிருந்தீர்கள். உங்கள் வழக்கமான கேலி என்று சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

பராமரிப்பு முறையைச் சரியாகச் சொல்லாதது என் தவறு என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். போலீஸ் பேச்சு நின்றது. புதுக் கற்கள் வரும், பெட்டி அங்கேயே இருக்கும். அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ள நான் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டேன். அது பெரிய விஷயமில்லை.

மச்சானுக்கு இது தெரிய வேண்டாம். தன் கையாலேயே தன் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டோம், லைனையே இருமவைத்தோம் என்று தெரிந்தால் அவர் தாங்கமாட்டார். யாராவது கேட்டால் தம்பி கொண்டுவந்த கல் மட்டமானது என்று சொல்லிவிடுங்கள்.

இனிமேல் ரவாங் விலாசம் வேண்டாம். அடுத்த மாதத்திலிருந்து போர்ட் கிள்ளான் கிடங்கில் இருப்பேன்.

லோகேஸ்வரன்


ரிங்லெட்
19-1-2025

என் தம்பிக்கு,

பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. கோழி மறுபடியும் மூன்று, ஒன்று உன் மச்சானுக்குச் சூப்பாகிவிட்டது. கிள்ளானில் வெயில் அதிகம், தண்ணீர் நிறையக் குடி. கம்பெனியில் இருந்தவன் கிடங்குக்கு ஏன் போனாய் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. முறுக்கு மட்டும் அனுப்புகிறேன். கேட்க வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

புதுக் கல் போட்டு மூன்று வாரம் ஆகிறது. வாடை இல்லை, புகை இல்லை. பொடிப் பொட்டலத்தில் ரப்பர் வளையம் போட்டு தினமும் பார்க்கிறேன். அறுந்துபோகவில்லை. உன் மச்சான் படுத்துத் தூங்குகிறார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் மழையைத் தாண்டிவிடுவார் என்றார்.

செல்லம்மா வேலியோரம் வந்து, "ஒன் தம்பி மட்டக் கல்ல வச்சு எங்கள இருமவிட்டான்ல" என்றாள். "ஆமா லா, அவன் சின்னதுலேருந்தே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நான் கதவைச் சாத்துகிறவள் இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகம்.

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உனக்கு ஒன்று எழுதத்தான் வேண்டும். புதுக் கல் வந்த அன்று உன் கம்பெனிப் பையன்கள் அட்டைப்பெட்டியை இவர் முன்னால்தான் பிரித்தார்கள். நானும் பக்கத்தில் இருந்தேன். ஆறும் புதுசு, ஆறும் கன்னங்கரேல். இவர் குனிந்து பார்த்தார். ஒன்றைத் தொடப் போனார், தொடவில்லை. தன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பையன்கள் மாட்டி முடிக்கிற வரை அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் சாவியை அரைஞாணிலிருந்து அவிழ்த்தார். கிராணியிடம் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டார்.

இப்போது நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். லோகாவுக்கு ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன ஒருதரம் வந்துட்டுப் போகச் சொல்லு. அப்புறம், இனிமே வூட்டுப் புளி கொழம்புக்கு மட்டுந்தான்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

அக்கா
சரோஜா